எண் கொடுத்த வள்ளல்கள்

உதவி எண்களை ஏற்படுத்தி நடத்திவரும் பெருமக்களே, உங்களைப் புகழ்ந்து எழுத இவ்வளவு காலம் ஒருவரும் முன்வராதது பெருங்குறை. அதனால் நான் எழுதுகிறேன். உண்மையைத் தவிர வேறெதையும் இதில் சேர்க்கப் போவதில்லை. உங்கள் புகழுக்கு அதுவே போதும்.

முதலில் உங்கள் கொடையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். குழந்தைக்கு 1098. வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு 181. அவள் காவல்துறையை நாடினால் 1091. முதியவருக்கு 14567. மனம் உடைந்தவருக்கு 14416. பள்ளிப் பிள்ளைக்கு 14417. சாதியின் பேரால் அடிபட்டவருக்கு 14566. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு 15100. உடம்புக்கு என்ன என்று கேட்க 104, உயிர் போகிற அவசரத்துக்கு 108. வெள்ளம் வந்தால் மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. வங்கிக் கணக்கில் இருந்த பணத்தை எவனாவது ஏமாற்றி எடுத்துவிட்டால் 1930. அது முன்பு 155260 ஆக இருந்தது, நீங்கள்தான் சுருக்கிக் கொடுத்தீர்கள். முதலமைச்சரிடமே முறையிட 1100. இவை எல்லாவற்றுக்கும் மேலாக 112. இனி எதையும் நினைவில் வைக்க வேண்டாம், இந்த ஓர் எண் போதும் என்று சொல்லி அதைக் கொடுத்தீர்கள். 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கி நாடெங்கும் அது வந்தது. வந்த பிறகும் உங்கள் கை சும்மா இருக்கவில்லை. மேலே சொன்னவற்றில் 14566, 14567, 14416 ஆகிய மூன்றும் நாடு முழுமைக்கும் அறிவிக்கப்பட்டது அதற்குப் பின்னால்தான், 2021-லும் 2022-லும். ஓர் எண் போதும் என்று சொன்ன பிறகும் கொடுப்பதை நிறுத்தாத கை உங்கள் கை.

இந்த எண்களின் நெருக்கத்தையும் பாருங்கள். 14416 மனநலம், 14417 பள்ளிக்கல்வி. 14566 வன்கொடுமை, 14567 முதியோர். பார்வை மங்கிய எழுபத்தைந்து வயதுக்காரர் இருட்டில் கடைசிப் பொத்தானைத் தவறி அழுத்தினால் வேறொரு துறையின் வாசலில் போய் நிற்பார். சரியாகவே அழுத்தினாலும் நேரம் பார்த்து அழுத்த வேண்டும். முதியோர் எண் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது, வாரத்தின் ஏழு நாளும். வயதானவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்குத் தெரியும், அவர்களுக்குப் பயம் எப்போது வருகிறது என்று. விளக்கை அணைத்த பிறகுதான் வருகிறது. மகன் குடித்துவிட்டு வீடு திரும்புவதும் எட்டு மணிக்குப் பிறகுதான். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று நீங்கள் அவர்கள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை சாதாரணமானதன்று.

இப்போது நீங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இந்தச் சேவைகளின் பொது எதிர்காலத்தைத் திட்டமிடுகிறீர்கள். உங்கள் கூட்டங்களின் ஒழுங்கை நான் மெச்சுகிறேன். குத்துவிளக்கு, பொன்னாடை, திரையில் வண்ண வண்ண வரைபடம், மேடையில் துறை உயரதிகாரிகள், தொண்டு நிறுவனத் தலைவர்கள், மென்பொருள் செய்து தருகிறவர்கள். ஒருங்கிணைப்பு என்ற சொல் வரும்போது எல்லாத் தலைகளும் ஒன்றுபோல அசைகின்றன. “மேடம், அந்த ஹாஸ்டல மூடிப் பல மாசம் ஆச்சு, இன்னும் நம்ம லிஸ்ட்ல இருக்கு” என்று குறுக்கே எழுந்து சொல்லக்கூடியவர் அந்நேரம் நைட் ஷிப்ட் முடித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பதால், கூட்டம் தடங்கலின்றி நடந்து முடிகிறது. தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறுகின்றன.

ஒருங்கிணைப்பு எவ்வளவு தேவை என்பதை உங்களைவிட நன்றாக அறிந்த ஒருத்தியை இங்கே கொண்டுவருகிறேன். அவள் என் கற்பனை. ஆனால் அவளைப் போன்றவர்கள் கற்பனை இல்லை என்பதை உங்கள் பதிவேடுகளே சொல்லும். ஒரு தாலுகா ஊரின் பேருந்து நிலையம், இரவு ஒன்பதரை மணி. புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் உறைந்திருக்கிறது. பக்கத்தில் பதின்மூன்று வயது மகன். அவன் கையில் ஒரு துணிப்பை, அவள் கையில் பாதி சார்ஜ் உள்ள போன். 181-ஐ அழைக்கிறாள். எடுக்கிறார்கள். அம்மா, பதறாதீங்க, மெதுவாச் சொல்லுங்க என்கிறது ஒரு பெண் குரல். அந்தக் குரலை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாளில் அவளிடம் மரியாதையாகப் பேசிய முதல் குரலாகக்கூட அது இருக்கலாம்.

மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது என்று அந்தக் குரல் சொல்கிறது. சகி என்ற பெயரில் 2015-ல் தொடங்கிய நல்ல திட்டம் அது. மருத்துவம், காவல், சட்டம், ஆலோசனை, தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஐந்து நாள் வரை தங்கலாம். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளலாம். பெண் பிள்ளை என்றால் எந்த வயதும் சரி, ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு. திட்டம் தொடங்கிய காலத்து நெறிமுறைகள் அதை எட்டு என்று வகுத்தன. மீசை அரும்பத் தொடங்கிய இந்தப் பையன் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறான். அவனையும் நீங்கள் கைவிடவில்லை. அவனுக்கென்று 1098 இருக்கிறது. தாய்க்கு ஓர் எண், மகனுக்கு ஓர் எண். அன்று இரவு ஒருவரையொருவர் விட்டுப் பிரியவே கூடாத இரண்டு பேருக்கு, குறைவின்றித் தனித்தனியே கொடுத்திருக்கிறீர்கள். வீட்டில் மருமகளுக்காகப் பரிந்து பேசி அடிவாங்கிய மாமியார் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் உண்டு, 14567. ஆனால் மணி எட்டைத் தாண்டிவிட்டது.

ஒரே வீட்டில், ஒரே இரவில், ஒரே ஆளின் கையால் அடிபட்ட மூன்று பேருக்கு மூன்று எண்கள் ஆயத்தமாக இருக்கின்றன. துன்பம் துறை பார்த்து வருவதில்லை. நீங்கள்தான் சிரமம் எடுத்து அதைத் துறைவாரியாகப் பிரித்தீர்கள்.

வழி தெரியாதவருக்கு வழி சொல்வது தமிழில் மிகப் பழைய அறம். பத்துப்பாட்டில் பாதி அதற்கென்றே பாடியது: பத்தில் ஐந்து ஆற்றுப்படை. முருகனிடம் வழிப்படுத்தும் ஒன்றைத் தவிர மற்ற நான்கிலும், வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற ஒரு கலைஞன், எதிரே வரும் பசித்த இன்னொருவனைப் பார்த்து, நீயும் போ என்கிறான். பேரையும் ஊரையும் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. எந்த நிலத்தைக் கடந்து எந்த நிலத்துக்குள் நுழைய வேண்டும், அங்கே இருக்கிறவர்கள் சாப்பிட என்ன கொடுப்பார்கள், எங்கே படுக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அந்த நான்கில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடி கொண்டது. அதில் பன்றிக்கு வைத்த பொறியும், பாம்பு கிடக்கும் குழியும், வழுக்கும் பாறையும், தினைப்புனம் காப்பவர் வீசும் கவண்கல்லும் வருகின்றன. இருட்டில் நடந்தால் எங்கே கால் தவறும் என்பது வரைக்கும் சொல்லி அனுப்புகிறான் அந்தக் கூத்தன். அவன் அந்த வழியில் போய் வந்தவன்.

வேகத்தில் நீங்கள் அவனை வென்றுவிட்டீர்கள். அவன் 583 அடியில் சொன்னதை, “இந்த நம்பருக்குப் பேசுங்க” என்ற ஒரே வரியில் சொல்லி முடிக்கிறீர்கள். அந்நேரத்துக்குப் பேருந்து உண்டா, வாசலில் இருக்கும் வாட்ச்மேன் உள்ளே விடுவாரா, ஆதார் அட்டை கேட்பார்களா, அட்டையைக் கணவன் வீட்டிலேயே விட்டுவந்திருந்தால் என்ன செய்வது, மகனை எங்கே படுக்கவைப்பது, காலையில் யார் வந்து பேசுவார்கள் என்று எதையும் சொல்லி அழைத்தவளைக் குழப்புவதில்லை. அவளே போய்த் தெரிந்துகொள்ளட்டும் என்று அவளுடைய திறமைக்கு இடம் கொடுக்கிறீர்கள்.

போய் வந்தவர்கள் உங்கள் வரலாற்றிலும் இருந்திருக்கிறார்கள். 1098-இன் கதை அதுதான். 1996-ல் மும்பையில், டாடா சமூக அறிவியல் கழகத்தின் களப்பணியாக ஜெரூ பில்லிமோரியா அதைத் தொடங்கினார். ரயில் நிலையத்திலும் நடைபாதையிலும் வாழ்ந்த பிள்ளைகள், எந்நேரமானாலும் காசு போடாமல் கூப்பிட ஓர் எண். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் வருவதால் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் அதை மனதில் வைத்துக்கொள்ளும். பிள்ளை நிற்கிற ஊரிலேயே ஒரு தொண்டு நிறுவனம் இருக்கும். அதன் ஆள் அறுபது நிமிடத்துக்குள் பிள்ளை இருக்கும் இடத்துக்கு நேரில் போய்ச் சேர வேண்டும் என்பது நடைமுறை. எண் சொல்லி அனுப்புகிற வேலை அங்கே இல்லை, எழுந்து போகிற வேலைதான். எழும்பூரில் எந்த நடைமேடையில் எந்தப் பையன் தூங்குவான், எந்தப் பட்டப்பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பான், யாரைக் கண்டால் ஓடிவிடுவான் என்று அறிந்தவர்கள் அந்த வேலையில் இருந்தார்கள்.

2022-ல் குழந்தைகளுக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நெறிமுறைகள் வந்தன. 2023-ல் மாநிலம் மாநிலமாக அந்தப் பணி தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசின் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுகளுக்கும் மாறியது, 112-உடன் இணைந்தது. குழந்தையின் பாதுகாப்பை அரசே நேரடியாக ஏற்பது சரியானது என்றுதான் நானும் நினைக்கிறேன். காக்கிச்சட்டையைக் கண்டு ஒளிகிற பிள்ளை, அந்த எண்ணுக்குப் பின்னால் காவல்துறை இருக்கிறது என்று தெரிந்தால் கூப்பிடுமா என்று குழந்தை உரிமைக்காக உழைக்கிறவர்கள் கேட்டார்கள். நீங்கள் அதனால் கலங்கவில்லை. குறித்தபடி மாற்றிக் காட்டினீர்கள். ஒப்படைக்கும்போது கணினி எத்தனை, மேசை எத்தனை, நிலுவை வழக்கு எத்தனை என்று பட்டியல் எழுதியிருப்பீர்கள். நடைமேடைப் பையனின் பட்டப்பெயரை எழுத அப்படிப்பட்ட பட்டியலில் எப்போதும் கட்டம் இருப்பதில்லை. இருபது ஆண்டுக்கு மேல் சேர்ந்த அறிவு அது. அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தீர்கள்.

மனநலத்திலும் உங்கள் சுறுசுறுப்பு குறிப்பிடத் தக்கது. 2020 செப்டம்பரில் சமூக நீதி அமைச்சகம் கிரண் என்ற உதவி எண்ணைத் தொடங்கியது. அதில் பதினொரு இலக்கம். இரண்டு ஆண்டு கழித்து உலக மனநல நாளன்று, 2022 அக்டோபர் 10-ல், சுகாதார அமைச்சகம் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையைத் தொடங்கியது. ஒரே துயரத்துக்கு இரண்டு அமைச்சகங்கள், இரண்டு எண்கள், இரண்டு தொடக்க விழாக்கள். தமிழ்நாட்டில் 14416 சேவைக்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர் வைத்தார்கள். அழகான பெயர். அந்த 2022-ல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். சென்னையில் 1986-லேயே சினேகா இருந்தது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய அந்த அமைப்பில் தொண்டர்கள் உட்கார்ந்து, கூப்பிட்டவர் பேசுவதைக் கேட்டார்கள். உங்கள் எண்கள் வருவதற்கு ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுக்கு முன்பே, கேட்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் அதைக் கற்றுக்கொள்வதைவிடப் புதிய எண் அறிவிப்பது விரைவாக நடக்கும் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கில் உங்களை மிஞ்ச ஆளில்லை. இத்தனை லட்சம் அழைப்புகள் வந்தன, இத்தனை நொடியில் எடுத்தோம், இத்தனை சதவீதம் முடித்துவைத்தோம். அந்த எண்ணிக்கைகள் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் திரையில் ஒரு படிவம். அதில் ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்று ஒரு கட்டம். அதில் டிக் விழுந்ததும் அழைப்பு முடிந்தது. மாவட்ட மருத்துவமனைக்குப் போகச் சொன்ன அந்த இளைஞன் போனானா, போன அன்று மனநல மருத்துவர் இருந்தாரா, எழுதிக் கொடுத்த மாத்திரை மருந்தகத்தில் கிடைத்ததா, மறு மாதமும் போனானா என்பதெல்லாம் டிக்குக்கு அந்தப்புறம் நடக்கிறவை. நாளிதழுக்கு நீங்கள் தரும் செய்தியில் டிக்குக்கு இந்தப்புறம்தான் இருக்கிறது. அதுவே அரைப் பக்கம் நிறைய வருகிறது.

உங்கள் கொடையிலேயே பெரியது உங்கள் பணியாளர்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் ஊராரின் அழுகையைக் கேட்கிற பெண்கள் அவர்கள். நடுநடுவே விளையாட்டுக்குக் கூப்பிட்டு ஆபாசம் பேசுகிறவனையும் கேட்க வேண்டும். எதுவுமே பேசாமல் மூச்சு மட்டும் விடுகிற அழைப்பையும் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அது ஒரு பிள்ளை பேசத் தைரியம் சேர்த்துக்கொண்டிருக்கும் நேரமாகவும் இருக்கலாம், எனவே வைத்துவிடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். பலரும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு முகமை வழியாக எடுத்து, ஆண்டுதோறும் நீட்டித்து, நீட்டிக்காமலும் விட்டு. மென்பொருளில் இல்லாதது அவர்களுடைய கைநோட்டில் இருக்கும்: எந்த விடுதியின் வார்டன் இரவில் கதவைத் திறப்பார், எந்த ஸ்டேஷனில் எழுத்தர் அதட்டாமல் புகாரை வாங்குவார், எந்தத் தாசில்தார் அலுவலகத்தில் யாரைக் கேட்டால் வேலை நடக்கும். அரசு எந்தக் காசும் செலவழிக்காமல் உருவான தகவல் களஞ்சியம் அந்த நோட்டுதான். ஒப்பந்தம் முடிந்து அவர் போகும்போது, அவர் பையோடு அதுவும் போகிறது. அடுத்து வருகிற பெண்ணுக்குப் புது நோட்டு வாங்கிக்கொள்ளும் சுதந்திரத்தை முழுமையாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் இதே வேலைக்கு 211 என்ற எண். 1997-ல் அட்லாண்டாவில் தொடங்கி, 2000-ல் நாடு முழுமைக்கும் ஒதுக்கினார்கள். அங்கேயும் பணத்தட்டுப்பாடு உண்டு, இடமே இல்லாத விடுதிக்கு வழி சொல்லும் அவலமும் உண்டு. ஆனால் அங்குள்ள தகவல், பரிந்துரைச் சேவைகள் தமக்கென்று வகுத்துக்கொண்ட தர விதிகளில், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும் என்று இருக்கிறது. பேசிய பிறகு சிலரைத் திரும்ப அழைத்து, உதவி கிடைத்ததா என்று கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது. பட்டியலைப் பேணுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்களை வைத்திருக்கிறார்கள். நீங்கள் அங்கே போய்ப் பார்த்து வந்தால் அவர்களுடைய கட்டடத்தையும் திரையையும் நன்றாக விவரிப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் நீங்களே என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கொரோனா இரண்டாம் அலை. ஆக்சிஜன் படுக்கை எங்கே இருக்கிறது என்று கேட்டு ஊரே அலறியது. சென்னையில் ஒருங்கிணைந்த கட்டளை மையம் ஒன்றை அமைத்தீர்கள். 104-க்கு வந்த அழைப்புகள் அங்கே சேர்ந்தன. எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்று மருத்துவமனைகளைக் கேட்டுக்கேட்டுப் பட்டியலைப் புதுப்பித்தார்கள். ஓர் இரவு முதலமைச்சரே அங்கே வந்து அழைப்பை எடுத்துப் பேசினார். வெளியே, யாரும் கேட்காமலே இளைஞர்கள் தங்கள் போன்களில் உட்கார்ந்து, ஆக்சிஜன் சிலிண்டர் கிடைக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விசாரித்த தகவலின் அடியில், ‘சரிபார்த்தது, மாலை 4.10’ என்று நேரம் போட்டுப் பகிர்ந்தார்கள். நேரம் தவறிய தகவல் ஆளைக் கொன்றுவிடும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் நீங்கள் செய்த வேலையை எந்தத் தயக்கமும் இல்லாமல் கைகூப்பிப் பாராட்டுகிறேன். எல்லோருக்கும் படுக்கை கிடைக்கவில்லை. தேடியும் கிடைக்காமல் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். ஆனாலும் அன்று நீங்கள் கையில் வைத்திருந்தது அந்த மணி நேரத்தின் நிலவரம்.

ஆக, உங்களுக்குத் தெரியும். காலி இடத்தை மணிக்கு மணி விசாரிக்கத் தெரியும். மருத்துவமனையை விரட்டத் தெரியும். அரசு, தனியார், தொண்டு நிறுவனம் எல்லாரையும் ஒரே திரையில் கொண்டுவரத் தெரியும். பேருந்து நிலையத்தில் நிற்கும் அவளுக்கும் அவள் மகனுக்கும் ஓர் இரவுக்கு இரண்டு பாய் எங்கே காலி என்று தெரிந்துகொள்வது, ஆக்சிஜன் படுக்கை தேடுவதைவிடக் கடினமான வேலை இல்லை. செய்யத் தெரியாதவர்களைப் புகழ்வதில் பயனில்லை. செய்யத் தெரிந்தும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிய எண்ணும் புதிய இலச்சினையும் போதும் என்று நிறைவு கொள்கிறவர்களை என்ன சொல்லிப் புகழ்வது என்றுதான் இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கொடுத்தவர்கள் என்ற புகழ் உங்களுக்குச் சேர்ந்துவிட்டது. போய் வந்தவர்கள் என்ற புகழ் ஒன்றுதான் பாக்கி. அதற்காக அடுத்த திட்டமிடும் கூட்டத்தைப் பகல் பத்து மணிக்கு வைக்காதீர்கள். இரவு ஒன்பதரைக்கு ஆளுக்கொரு தாலுகா ஊரின் பேருந்து நிலையத்தில் வையுங்கள். பதவியைச் சொல்லாமல், ஆளுக்கொரு முறை, அடுத்தவர் நடத்துகிற எண்ணை அழையுங்கள். அவர்கள் கொடுக்கிற எண்ணைக் கூப்பிடுங்கள். சொல்கிற இடத்துக்குக் கிடைக்கிற பேருந்தில் போங்கள். கதவு திறக்கிற வரைக்கும் வாசலில் நில்லுங்கள். திரும்பி வந்து, எந்தப் பேருந்து, எந்த வாசல், யார் திறந்தார், என்ன கேட்டார், பையனை உள்ளே விட்டாரா என்று எழுதி, மேலே தேதியும் மணியும் போட்டு, நைட் ஷிப்டில் இருக்கிற அந்தப் பெண்ணின் திரையில் ஏற்றுங்கள். அடுத்த வாரம் அதைத் திருத்த ஓர் ஆளை நியமியுங்கள், ஒப்பந்தத்தில் இல்லாமல்.